எழுத்துக் கூட்டிப் படித்தல்

தமிழில் வாசகன் இல்லை என்கிற புலம்பல் சிறுபத்திரிகைகளோடு கூடவே பிறந்தது. 1959-ல் ‘எழுத்து’ வந்த நாளிலிருந்து, யார் பத்திரிகை தொடங்கினாலும் மூன்றாவது இதழிலாவது இது தலைகாட்டிவிடும். நானும் புலம்பியிருக்கிறேன். சினிமா, வாரப் பத்திரிகை, மேடைப் பேச்சு, பல்கலைக்கழகத் தமிழ்த்துறை என்று குற்றவாளிகளின் ஜாபிதா ஒன்றும் கைவசம் வைத்திருந்தேன். ஆனால் வாசகன் எந்த இடத்தில் உருவாகாமல் போகிறான் என்று நின்று பார்த்ததில்லை. அப்படிப் பார்க்க நேர்ந்தது என் வீட்டு வாசற்படியில், இரண்டு குழந்தைகளால். அதற்குப் பிறகு என் ஜாபிதாவைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

நான் இருப்பது கும்மிடிப்பூண்டியில். சிப்காட்டில் ஒரு உருக்காலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவுக்குப் பின்னால் லைன் வீடுகள். பீகாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் வந்தவர்கள் ஷிப்டு முறையில் தூங்குகிறார்கள். உள்ளூர்க்காரர்களிலும் பலருக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாமும் இந்த ஊரில்தான். அவர்கள் தமிழ் வேறொரு தமிழ். ரயிலேறி இரண்டு ஸ்டேஷன் வடக்கே போனால் ஆரம்பாக்கம், அதற்கப்பால் பெயர்ப்பலகைகளின் லிபியே மாறிவிடும். குழந்தைக்குப் படிக்கச் சொல்லித்தருவது பற்றிப் பொதுவாகப் பேசுகிற எந்தக் கொள்கையும் இந்த ஊருக்கு வந்தால் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும்.

முதல் குழந்தை, இரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண். தமிழ்தான் வீட்டு மொழி. பாடப் புத்தகத்தை எடுத்துவந்து விரலை ஓட்டி, ராகத்தோடு, தங்குதடையில்லாமல் வாசித்துக்காட்டியது. எனக்குச் சந்தோஷம். நடுவில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டேன். குழந்தை என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. “மேலருந்து படிச்சாத்தான் வரும் தாத்தா” என்றது. மேலிருந்து தொடங்கியது, அந்தச் சொல் வந்ததும் நின்று, “இதான்” என்றது. பாடம் முழுவதும் மனப்பாடம். விரல் ஓடியது ஒரு சடங்கு.

இரண்டாவது, பீகாரிலிருந்து வந்த உருக்காலைத் தொழிலாளி ஒருவரின் பையன். மூன்றாம் வகுப்பு. எந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாலும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவான். மெதுவாக, ஆனால் பிழையில்லாமல். ‘குருவி கூடு கட்டியது’ என்று நான் எழுதிக்கொடுத்ததையும் படித்தான். குருவி என்றால் என்ன என்று கேட்டேன். சிரித்தான். கூடு? மறுபடியும் சிரிப்பு. ஒவ்வொரு எழுத்துக்கும் அவனிடம் சப்தம் இருந்தது. சப்தத்துக்கு அப்பால் ஒன்றுமில்லை.

ஒரு குழந்தையிடம் பொருள் இருக்கிறது, எழுத்து இல்லை. மற்றதிடம் எழுத்து இருக்கிறது, பொருள் இல்லை. இரண்டுமே பள்ளிக்கூடக் கணக்கில் ‘வாசிக்கிற’ குழந்தைகள்தாம்.

1986-ல் ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் எழுதிய ஒரு கட்டுரை, வாசிப்பு என்பது எழுத்தைச் சப்தமாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது என்று சொன்னது. கூட்டி வருவதல்ல, பெருக்கி வருவது. ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம். இவ்வளவு எளிமையான சூத்திரங்களிடம் எனக்கு இயல்பாகவே சந்தேகம் உண்டு. ஆனால் என் வாசற்படியில் இரண்டு பூஜ்யங்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

மனப்பாடத்தைத் திட்டுவது எளிது. நான் திட்டியிருக்கிறேன். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். திண்ணைப் பள்ளியில் பையன் மணலில் விரலால் எழுதினான். எழுதும்போதே உரக்கச் சொன்னான். மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். 1789-ல் எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இதைப் பார்த்து, தன் பள்ளியில் கைக்கொண்டு, 1797-ல் புத்தகமாக எழுதினார். அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. நாம் ஏற்றுமதி செய்த கல்விமுறை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஓலைச்சுவடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரும்பாலும் அதில் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் கிடையாது. காலும் ரகரமும் ஒன்றுபோலிருக்கும். சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. அப்படிப்பட்ட எழுத்தை, சொல்லப்பட்டிருப்பது என்ன என்று முன்பே காதில் வாங்கியிருப்பவன்தான் படிக்க முடியும். ஆக, முதலில் மனப்பாடம், பிறகு எழுத்து என்கிற வரிசை மூடத்தனம் அல்ல. எழுத்து விட்டுவைத்த குறையை ஞாபகம் நிரப்பியது. 18-ம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தங்களும், பிறகு அச்சும், அந்தக் குறையைத் தீர்த்தன. இன்று தமிழ் எழுத்து தன்னைத் தானே சொல்லிக்கொள்ளும். காரணம் போய்விட்டது, முறை மட்டும் தங்கிவிட்டது. என் வாசற்படிப் பெண் ஓலைச்சுவடிக் காலத்து மாணவி. அவள் கையில் இருப்பதுதான் ஆப்செட் அச்சு.

அச்சு வந்தபின் உண்டான அரிச்சுவடியை ஒரு பிரதியாக வைத்து யாரும் விமர்சித்ததில்லை. அணில், ஆடு, இலை, ஈ, உரல், ஊஞ்சல். தமிழ்நாட்டில் அதிகம் பேர் படித்த படைப்பு இதுதான். இதன் உலகில் உரல் இருக்கிறது, உரலைப் பார்த்திராத குழந்தைக்காக. ஒட்டகம் இருக்கிறது, ஒகரத்துக்காக. ஐகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் ஆள் தேடி ஐவரும் ஔவையும் வருகிறார்கள். கேலி செய்ய நிறைய இடமிருக்கிறது. ஆனால் கோளாறு ஒட்டகத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. உயிரெழுத்து தன் முழு உருவத்தில் சொல்லுக்கு முதலில் மட்டுமே வரும். ஒரு பக்கத் தமிழை எடுத்துப் பாருங்கள்: எல்லாம் உயிர்மெய்யும் புள்ளியும். இலக்கணத்துக்கு உயிர் முதலில் வருவது சரி. கண்ணுக்கு அது சரியில்லை. மிகக் குறைவாகச் சந்திக்கப்போகிற பன்னிரண்டு வடிவங்களை, அதிலும் இ, ஈ, ஐ, ஔ போன்ற வரையக் கடினமானவற்றை, முதல் மாதங்களில் குழந்தையின் தலையில் கட்டுகிறோம்.

பிறகு 247 என்று பயமுறுத்துகிறோம். அத்தனை வடிவங்கள் இல்லை. உயிரும் மெய்யும் ஆய்தமும் 31. அதோடு சில துணைக் குறிகள். உண்மையான சிக்கல் இரண்டு இடங்களில். ஒன்று, உகர ஊகார வரிசைகள்: கு, சு, டு, நு, மு என்று ஒவ்வொன்றும் தன்னிஷ்டத்துக்கு வளைகிறது. 1978-ல் பெரியார் எழுத்து அரசாணையானபோது ணா, றா, னாவும், துதிக்கை போல் வளைந்த ணை, லை, ளை, னையும் நேராயின. இந்த வரிசைகள் தொடப்படவில்லை. இரண்டு, கொம்பு. ெ, ே, ை மூன்றும் எழுத்துக்கு முன்னால் நிற்கின்றன. சப்தம் பின்னால் வருகிறது. அந்தப் பெண்ணை மனப்பாடத்திலிருந்து விடுவிக்க, ஊர்ப் பெயர்களை எழுதிக்கொடுத்தேன். ‘மீஞ்சூர்’ கஷ்டப்பட்டு வந்தது. ‘பொன்னேரி’யில் நின்றுவிட்டது. “பெ... பெ... பா...” என்றது. அது தப்பில்லை. கண்ணெதிரில் இருப்பதைத்தான் சொன்னது. கொம்பும் காலும் சேர்ந்து ஓர் ஒகரமாகின்றன என்பதை யாரும் அதற்கு இரண்டு கையாலும் பிடித்துக் காட்டவில்லை. ‘பொ’ என்று கூட்டத்தோடு கத்த மட்டும் வைத்திருக்கிறார்கள்.

மேல்நாட்டில் இது பெரிய சண்டை. 1955-ல் ருடால்ஃப் ஃப்ளெஷ், அமெரிக்கக் குழந்தைக்கு ஏன் படிக்க வரவில்லை என்று ஒரு புத்தகம் எழுதி, சொல்லைப் படம்போல் முழுதாகப் பார்க்கவைக்கும் முறையைத் தாக்கினார். 1967-ல் கென்னத் குட்மன், வாசிப்பு என்பது ஊகித்து ஊகித்துப் போகும் விளையாட்டு என்றார். ஒலிமுறைக் கட்சி, முழுமொழிக் கட்சி என்று சண்டை அரை நூற்றாண்டு தாண்டி நடந்தது. எழுத்தையும் ஒலியையும் ஒழுங்காக, நேரடியாகச் சொல்லித்தருவதே தொடக்கத்தில் பலன் தருகிறது என்ற பக்கம் சான்று கூடிற்று. சரி. ஆனால் அது ஆங்கிலத்தின் சண்டை. சப்தத்துக்கும் எழுத்துக்கும் விவாகரத்து ஆகிவிட்ட மொழி அது. தமிழில் க, ச, ட, த, ப என்ற வல்லினங்கள் இடத்துக்கு ஏற்பக் குரல் மாறுவதைத் தவிர, எழுத்து பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். நம் கட்சிக்காரர்கள் இறக்குமதிச் சண்டையில் வாள் சுழற்றுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

நம்முடைய சிக்கல் வேறு. ‘அவர்கள் வந்தார்கள்’ என்று ஒரு குழந்தை பிழையில்லாமல் கூட்டிவிடுகிறது. கூட்டி முடித்ததும் அதன் காதில் விழுவது யார் குரல்? அம்மா “அவுங்க வந்தாங்க” என்பாள். பாட்டி “வந்துகினாங்க” என்பாள். வந்தார்கள் என்று அந்த வீட்டில் ஒருவரும் வரவில்லை. எழுத்தை அவிழ்த்தவுடன் தனக்குத் தெரிந்த ஒரு சொல் வெளியே குதிக்கிறது என்பதுதான் படிக்கக் கற்பதன் முதல் ஆச்சரியம். அந்த ஆச்சரியத்தை நம் குழந்தைக்கு நாம் தருவதில்லை. புத்தகமே வீட்டில் இல்லாத குடும்பத்துக் குழந்தைக்கு ஏட்டுத் தமிழ் பாதி அந்நிய மொழி. அப்படிப் பார்த்தால் பீகார்ப் பையனுக்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் இருக்கும் வித்தியாசம் ஜாதி வித்தியாசம் அல்ல, அளவு வித்தியாசம்தான். அவன் பாடத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி நிற்கிறான்; அவள் அரை மைல்.

சொல்லைக் குழந்தையின், கற்பவனின் வாழ்விலிருந்து எடு என்று சொன்னவர்கள் உண்டு. பிரேஸிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே 1960-களின் தொடக்கத்தில் வயது வந்தவர்களுக்கு எழுத்தறிவித்தபோது எடுத்துக்கொண்ட சொற்களில் பேர்போனது ‘திஜோலோ’, செங்கல். அவர்கள் செங்கல் அடுக்கிக் கட்டுகிறவர்கள். ஒரு சொல், அதை மூன்று அசையாகப் பிரித்து, அசைக்கு ஒரு குடும்பம் உண்டாக்கி, அதிலிருந்து வேறு சொற்கள். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல் சூளைகளுக்குக் குறைவில்லை. ஒடிஸாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து கல் அறுக்கிறார்கள். ஃப்ரெய்ரேயைப் படித்த உற்சாகத்தில் ‘செங்கல்’ என்று எழுதிப் பார்த்தேன். முதலெழுத்திலேயே கொம்பு. இரண்டாவது, ஙகர மெய். அரசியலில் சரியான சொல், எழுத்தில் தவறான சொல். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் முதல் நூல் ‘பட்டா’ என்ற சொல்லிலிருந்து தொடங்கியது. அதைத் தேர்ந்தவர்களுக்கு இரண்டும் தெரிந்திருந்தது. நிலமில்லாதவனின் நெஞ்சில் தைக்கிற சொல். எழுத்தோ பகரமும் டகரமும் ஒரு காலும், எல்லாம் நேர்கோடு. இந்தத் தேர்வை நான் ஒரு நல்ல கவிதை வரியின் தேர்வோடு சமமாக வைப்பேன்.

அரசின் பள்ளிகளில் நடந்த மாற்றங்களைப் பார்க்காமலிருப்பது நியாயமில்லை. ரிஷி பள்ளத்தாக்கின் வழியில் செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-ல் மாநிலம் முழுவதற்கும் வந்தது. ஆசிரியர் தரையில் உட்கார்ந்தார். கரும்பலகை குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. இதைச் சிறிய விஷயம் என்று நினைப்பவர் நம் வகுப்பறைகளை அறியாதவர். ஆனால் ஏணியும் அட்டைகளும் வந்தன. ஓர் அட்டை முடிந்தால் அடுத்த அட்டை. நான் பார்த்த அளவில், அட்டையை முடிப்பதே படிப்பாயிற்று. எங்கள் ஊரில் இதற்குப் பீஸ் ரேட் என்று பெயர். 2022 ஜூன் 13 அன்று இதே மாவட்டத்தில் அழிஞ்சிவாக்கத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கப்பட்டது. பெருந்தொற்றில் பள்ளி மூடிக்கிடந்த காலத்தின் நஷ்டத்தை ஈடுகட்ட, 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் எழுத்தும் எண்ணும் என்பது இலக்கு. நஷ்டம் உண்மைதான்: ஏஸர் கணக்கெடுப்பின்படி தமிழக கிராமப்புறங்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் 2018-ல் நூற்றுக்குச் சுமார் 41, 2022-ல் சுமார் 25. பாட்டும் பொம்மையும் வகுப்புக்குள் வந்தது நல்லதே. குழந்தையின் வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துச் சொல்லித்தருவதும் நல்லதே. ஆனால் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர். அழகான பெயர்களின் அபாயம் நமக்குத் தெரியாதா? அரும்பு தானாக மொட்டாகும், மொட்டு தானாக மலரும். குழந்தை தானாக வாசிக்காது. பேச்சு தானாக வரும். எழுத்து மனிதன் செய்த கருவி, ஒருவர் கையைப் பிடித்துத் தந்தால்தான் உண்டு. பெயரில் இருக்கிற ரொமாண்டிஸிஸம் முறையில் புகுந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

பீகார்ப் பையனுக்கு வருகிறேன். நியூஸிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குச் சொல்லித்தந்த ஸில்வியா ஆஷ்டன்-வார்னர் ‘டீச்சர்’ என்று 1963-ல் ஒரு புத்தகம் எழுதினார். தினமும் குழந்தையிடம் உனக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்பார். அதை அட்டையில் எழுதி அதனிடமே கொடுத்துவிடுவார். பயமும் ஆசையும் உள்ள சொற்கள் ஒரே பார்வையில் ஒட்டிக்கொண்டன என்கிறார். நான் அவனிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “பட்டி” என்றான். ஹிந்தியில் உலை. அப்பா நிற்கிற இடம். போன வருஷம் அவர் முன்கையைச் சுட்ட இடம். காலண்டர் அட்டையில் எழுதினேன்: பட்டி. ப, ட், டி. அறிவொளிக்காரர்கள் தேர்ந்த அதே எழுத்துகள். அவனுக்கு எல்லாம் தெரிந்த எழுத்து. கூட்டினான். கூட்டி முடித்ததும் முகம் மாறிற்று. இத்தனை நாள் தமிழ் எழுத்திலிருந்து அவனுக்குத் தெரிந்த எதுவும் வெளியே வந்ததில்லை. இன்று அப்பாவின் உலை வந்தது. பக்கத்திலிருந்த பெண் எட்டிப்பார்த்துத் தானும் கூட்டினாள். மேலிருந்து படிக்க மேலே ஒன்றுமில்லாத சொல். “பட்டின்னா ஆடு கட்ற எடம்” என்றாள். “நஹி” என்றான். ஒரே அட்டையை வைத்து இரண்டு குழந்தைகள் அர்த்தத்துக்காகச் சண்டை போட்டன. வாசிப்பு என்று நான் இத்தனை வருஷம் பத்திரிகைகளில் எழுதிவந்தது இதைத்தான். இந்த மாதிரிச் சண்டையை.

எழுத்துக் கூட்டுவதை யாந்திரிகம் என்று ஒதுக்கியவன் நான். அனுபவம்தான் எல்லாம், எழுத்து தானாகப் பின்னால் வரும் என்று எழுதியும் இருக்கிறேன். அது தவறு. கூட்டத் தெரியாதிருந்தால் அந்த அட்டை அவனுக்கு வெறும் அட்டை. கூட்டுதலில்லாமல் அனுபவத்துக்கு வாசல் இல்லை. ஆனால் வாசலுக்கு அப்பால் வீடு இல்லையென்றால் வாசல் எதற்கு? முறைகளின் சண்டையில் இரு கட்சியும் பாதியைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. முதலில் எது, எந்தச் சொல்லை வைத்து என்பதுதான் வேலை. அது கட்சி வேலையல்ல, நுட்ப வேலை.

பெரியவர்களும் விதிவிலக்கல்ல. பாரதியையும் குறளையும் நடுவில் விரல் வைத்துக் கேட்டால், மேலிருந்து சொன்னால்தான் நம்மில் பலருக்கு வரும். வந்து இறங்கிய ஒவ்வொரு புதுக் கோட்பாட்டின் கலைச்சொற்களையும் பிழையில்லாமல் எழுத்துக் கூட்டி, அர்த்தம் கேட்டால் சிரிக்கிறவர்களும் நம்மில் உண்டு. இந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களில் என் கட்டுரைகளே சாட்சி.

வங்காளத்தில் வித்யாசாகர் 1855-ல் அரிச்சுவடி எழுதினார். தாகூர் 1930-ல் ‘ஸஹஜ் பாட்’ எழுத, நந்தலால் போஸ் படம் போட்டார். இங்கே ஆறுமுக நாவலர் பாலபாடம் எழுதினார். அதற்குப் பின், நவீன கவிஞன் என்று நாம் கொண்டாடுகிறவர்களில் யார் ஆறு வயதுக் குழந்தைக்குத் தெரிந்த எழுத்துக்குள் நின்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்திருக்கிறார்? அதைக் கமிட்டிக்கு விட்டுவிட்டோம். கமிட்டி ஒட்டகம் வரைந்தது. சொற்சிக்கனம் என்று ஓயாமல் பேசுகிற கவிஞர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. ட, ப, ம, ய, க, ர. இந்த ஆறெழுத்தும், புள்ளியும், காலும், இகரக் குறியும். கொம்பு வேண்டாம். இவ்வளவுக்குள், ஒரு குழந்தை மேலிருந்து படிக்காமலே நிற்கக்கூடிய நாலு வரி எழுதுங்கள். எழுதி அனுப்பினால் காலண்டர் அட்டையில் நான் பெயர்த்தெழுதிக்கொள்கிறேன்.

பையனின் குடும்பம் தீபாவளிக்குப் பிறகு வேறு ஆலைக்குப் போய்விட்டது. அட்டையை அவன் எடுத்துக்கொண்டு போனான். பெண் இப்போது பொன்னேரி படிக்கிறாள்.